‘சில’ என்ற சொல்லின் பணிவு

தேடல் கதைகளுக்கென்று ஒரு பழைய அச்சு உண்டு. ஒருவன் வீட்டை விட்டுப் புறப்படுகிறான். காடும் மலையும் கடக்கிறான். இடர்கள் பல படுகிறான். முடிவில், தேடிய பொருளையோ மனிதரையோ ஞானத்தையோ கண்டடைந்து திரும்புகிறான். அவன் தோற்றுத் திரும்பினாலும், கண்டடையத்தக்க ஒன்று எங்கோ முழுமையாக இருக்கிறது என்ற உறுதி கதையின் அடியில் கிடக்கும். திருத்தலப் பயணம் செல்லும் நமக்கு இந்த அச்சு மிகவும் பழக்கமானது. காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதாவைத் தரிசிக்கக் கரிசல் காட்டு வழியே நடந்து செல்பவர் எவருக்கும், கால் வலித்தாலும், வழியின் முடிவில் ஆலயம் இருக்கிறது என்பதில் ஐயம் எழுவதில்லை.

சுந்தர ராமசாமி எழுதி, 1981-ஆம் ஆண்டு க்ரியா வெளியீடாக வந்த ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ இந்த அச்சைத் தொடக்கத்திலேயே முறித்துப் போடுகிறது. தேடப்படுகிற மனிதன் முதல் வாக்கியத்திலேயே இறந்துவிடுகிறான். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர் காம்யு சாலை விபத்தில் மாண்டதற்கு மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று, ஜோசப் ஜேம்ஸ் என்னும் மலையாள எழுத்தாளன் தன் 39-ஆம் வயதில் மறைகிறான். தேடல் அதன் பிறகே தொடங்குகிறது. பாலு என்னும் தமிழ் எழுத்தாளன், தன் உள்ளத்தை ஆட்கொண்ட அந்த மனிதனைப் பற்றிச் செய்திகள் சேகரிக்கிறான், அறிந்தவர்களிடம் கேட்கிறான், எழுதிவைத்ததைத் தேடிப் படிக்கிறான். அவ்வாறு சேர்ந்தவையே நாவலின் முதற்பகுதி. ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள் என்று தரப்படுபவை இரண்டாம் பகுதி.

தேடப்படுபவர் இல்லாதபோது தேடல் எதைத் தேடுகிறது? நம்பிக்கை கொண்டவர்களாகிய நமக்கு இது வெறும் இலக்கியக் கேள்வி அன்று. நேசித்து இழந்த மனிதர்களையும், கண்ணால் காணாமல் நாம் வழிபடும் ஆண்டவரையும் பிறர் விட்டுச் சென்ற சொற்களின் துணையோடுதான் அறிகிறோம். அச்சொற்கள் நம்மை அவர்களிடம் கொண்டு சேர்க்கின்றனவா? அல்லது அவர்களுடைய இடத்தைத் தாமே பிடித்துக்கொள்கின்றனவா? இக்கேள்வியை நேர்மையாகக் கேட்பதற்கு, ஆலய வளாகத்துக்கு வெளியே பிறந்த ஒரு வாசிப்பு முறை நமக்கு உதவக்கூடும். கட்டுடைப்பு என்று தமிழில் வழங்குவது அது.

மருந்தும் மருந்தும்

கட்டுடைப்பின் முதல்வராகிய ழாக் தெரிதா 1930-இல் அல்ஜீரியாவில் பிறந்து, பிரான்சில் கற்று, கற்பித்து, 2004-இல் மறைந்தவர். 1967-ஆம் ஆண்டில் அவருடைய நூல்கள் மூன்று வெளிவந்தன. அவற்றுள் எழுத்தியலைப் பற்றிய நூலை காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக் 1976-இல் ஆங்கிலத்தில் தந்தார். தமிழில் இத்தகைய சிந்தனைகளுக்கு வாயில் திறந்த தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982-இல் வந்தது, அதாவது, ஜே.ஜே. வெளிவந்ததற்கு மறு ஆண்டு. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ‘மேலும்’, ‘நிறப்பிரிகை’ போன்ற சிற்றிதழ்களில் அமைப்பியல், பின்னமைப்பியல், பின்நவீனத்துவம் என்று வாதங்கள் பெருகின. கட்டுடைத்தல், கட்டவிழ்த்தல் என்று பெயர்கள் பல வழங்கின. ‘உடைத்தல்’ என்ற ஒலியைக் கேட்டவுடன் பலருக்குக் கடப்பாரை நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் இது இடிக்கும் தொழில் அன்று. ஒரு மூட்டை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எந்த முடிச்சு எதைத் தாங்குகிறது, உள்ளே வைக்காமல் வெளியே தள்ளப்பட்டது எது என்று பொறுமையாக அவிழ்த்துப் பார்க்கும் தொழில்.

இதனை விளக்கத் தெரிதா 1968-இல் எழுதிய கட்டுரை ஒன்று நமக்கு எளிதில் விளங்கக்கூடியது. பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில், எழுத்தைக் கண்டுபிடித்த எகிப்தியத் தெய்வம் அரசனிடம் சென்று, மறதிக்கு இது மருந்து என்று சொல்கிறது. அரசனோ, இது மறதியையே வளர்க்கும் என்று மறுக்கிறான். அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்கு மருந்து என்றும் பொருள், நஞ்சு என்றும் பொருள். மொழிபெயர்ப்பவர் ஓரிடத்தில் ஒன்றைத் தெரிந்தெடுத்தால் மற்றது மறைந்துவிடுகிறது. ஆனால் மறைந்தது உள்ளிருந்து வேலை செய்துகொண்டே இருக்கிறது என்கிறார் தெரிதா.

விளாத்திகுளம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்ளக் கிரேக்கம் வேண்டியதில்லை. பருத்திக்கும் மிளகாய்க்கும் அடிப்பது மருந்து. காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து. ‘மருந்து குடித்தாயா?’ என்று தாய் மகனைக் கேட்டால் அது பரிவு. ‘அவன் மருந்தைக் குடித்துவிட்டான்’ என்று ஊருக்குள் செய்தி வந்தால் அது சாவு. ஒரே சொல்தான். இடமும் குரலும் சூழலும் சேர்ந்து அதற்கு ஒரு பொருளைத் தருகின்றன. தரும்போதே மற்றப் பொருளின் நிழலையும் விட்டுச் செல்கின்றன. ஒரு பிரதி தான் சொல்ல நினைத்ததைச் சொல்லும்போதே, தான் அடக்க நினைத்ததையும் சொல்லிவிடுகிறது. அந்த இரண்டாம் குரலைக் கேட்பதே கட்டுடைத்து வாசிப்பது.

இன்னும் ஒரு சொல் நமக்கு வேண்டும்: சுவடு. விளாத்திகுளத்தை ஒட்டி ஓடும் வைப்பாற்றில் ஆண்டின் பெரும்பகுதி நீர் இல்லை. ஆயினும் அதை ஆறு என்றே அழைக்கிறோம். மணலின் வரிகள், கரையின் வளைவு, தோண்டினால் சுரக்கும் ஊற்று ஆகியவை அங்கே ஓடிச் சென்ற ஒன்றைச் சுட்டுகின்றன. ஆனால் அவை அந்த வெள்ளம் அல்ல. பொருளும் சொல்லில் இப்படித்தான் தங்குகிறது என்பது தெரிதாவின் கருத்து. ஒரு சொல் தன் பொருளை முழுதாகக் கையில் தருவதில்லை. வேறு சொற்களிடம் நம்மை அனுப்பி வைக்கிறது. பொருள் வேறுபட்டுக்கொண்டும் ஒத்திப்போடப்பட்டுக்கொண்டும் செல்கிறது.

மூலம் எங்கே?

இந்தக் கண்ணோடு ஜே.ஜே.யிடம் திரும்புவோம். எந்த வரலாற்று நூலும் ஒரு வரிசையை நம்பி நிற்கிறது: முதலில் மனிதன், பிறகு அவனைப் பற்றிய குறிப்பு, முதலில் மூலம், பிறகு மொழிபெயர்ப்பு. முதலாவது மெய், இரண்டாவது அதன் நிழல். ஜே.ஜே. நாவல் இந்த வரிசையை ஏற்றுக்கொண்டதுபோல் பாவனை செய்கிறது. நாட்குறிப்புகளும் நூற்பெயர்களும், ஆய்வு நூலுக்குரிய மற்ற அடையாளங்களும் அதில் உண்டு. ஆயினும், ஜே.ஜே. என்ற மனிதன் அக்குறிப்புகளுக்கு முன்னால் எங்கும் இருந்ததில்லை. குறிப்புகளே அவனைப் பிறப்பித்தன. மலையாளத்தில் எழுதினான் என்று சொல்லப்படுபவனின் நாட்குறிப்பைத் தமிழில் படிக்கிறோம்; அந்த மலையாள மூலமோ ஒருபோதும் எழுதப்படவில்லை.

இதன் பின் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. மலையாளக் கவிஞர் ஆற்றூர் ரவிவர்மா இந்நாவலை மலையாளத்தில் மொழிபெயர்த்தார். மலையாளத்தில் எழுதப்பட்டதாகக் கற்பிக்கப்பட்டவை, தமிழிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டு, முதன்முறையாக மலையாளத்துக்கு ‘வந்து சேர்ந்தன’. நிழல் முதலில் வந்தது. அதன்பின் பொருள் வந்தது. மூலம் தொடக்கத்தில் இருப்பது அன்று, பின்னால் நாம் உண்டாக்கிக்கொள்வது என்ற தெரிதாவின் கருத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை எந்தக் கோட்பாட்டாளரும் கற்பனை செய்திருக்க முடியாது.

வாசகர்களும் சும்மா இருக்கவில்லை. ஜே.ஜே. யார் என்று தேடினார்கள். 1960-ஆம் ஆண்டிலேயே மறைந்த மலையாள நாடகாசிரியர் சி.ஜே. தாமஸை நினைத்தவர்கள் உண்டு. பாலு ஜே.ஜே.யைத் தேடியதுபோல், வாசகன் ஜே.ஜே.க்குப் பின்னால் வேறொரு ‘உண்மையான’ மனிதனைத் தேடுகிறான். மையம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்ற நம் ஏக்கம் அத்துணை ஆழமானது.

முத்துக் கடற்கரையின் மக்கள் மையத்தைப் பற்றி ஒன்று அறிவார்கள். நமது வட்டத்தைச் சேர்ந்த வேம்பாரும் வைப்பாரும் பரதவர்களின் பழம்பெரும் ஏழு ஊர்களுள் எண்ணப்படுபவை. முத்து எப்படி விளைகிறது? சிப்பியின் தசைக்குள் வேண்டாத பொருள் ஒன்று, பெரும்பாலும் ஒரு சிற்றுயிர், புகுந்து உறுத்துகிறது. அந்த உறுத்தலைச் சுற்றிச் சிப்பி தன் உட்சுரப்பைப் படலம் படலமாகப் பூசுகிறது. முத்தை அறுத்துப் பார்த்தால் மையத்தில் இருப்பது முத்து அன்று; அந்நியமான ஒன்று; சில நேரங்களில் அதுவும் கரைந்து போயிருக்கும். ஒளி முழுதும் படலங்களில்தான். ஜே.ஜே. என்பவன் பாலுவின் உள்ளத்தில் புகுந்த அத்தகைய உறுத்தல். நாவலில் ஒளிர்வது, பாலு அதைச் சுற்றிப் பூசிய படலங்கள்.

சிலையை உடைத்தவனுக்குச் சிலை

இதுவரை சொன்னவை நாவலாசிரியர் அறிந்தே செய்தவை என்று ஒருவர் கூறலாம். அது சரியே. கட்டுடைப்பு வாசிப்பு தன் கடமையைத் தொடங்குவது, பிரதி தான் அறியாமல் தன்னையே எதிர்க்கும் இடத்தில்தான்.

ஜே.ஜே. எதை எதிர்க்கிறான்? போலியை எதிர்க்கிறான். கொள்கைகளை உரக்கப் பேசி வாழ்வில் விட்டுக்கொடுப்பவர்களை, தேய்ந்த சொற்களால் உண்மையை மூடி வைப்பவர்களை, புகழுரைகளால் மனிதர்களைப் பொம்மைகளாக்குபவர்களை எதிர்க்கிறான். தமிழ் எழுத்தாளன் என்று அறிமுகமாகும் பாலுவிடம், கல்கியின் சரித்திர நாவலின் நாயகி தன் சபதத்தை முடித்துவிட்டாளா என்று அவன் கேட்கும் கேலிக் கேள்வி தமிழ் வாசகரிடையே பெயர்பெற்றது. தேடி வந்தவனுக்குக் கிடைத்தது விடை அன்று. காயப்படுத்தும் ஒரு கேள்வி. ஆட்களை வழிபடாதே, நீயே பார், நீயே சிந்தி என்பதே ஜே.ஜே.யின் வாழ்வு சொல்லும் செய்தி.

ஆனால் பாலு என்ன செய்கிறான்? வழிபாட்டை எதிர்த்தவனை வழிபடுகிறான். அவனுடைய ஒவ்வொரு சொல்லையும் தூசு தட்டி எடுத்து வைக்கிறான். சிலையை உடைத்தவனுக்கே சிலை எழும்புகிறது. நாவல் எவ்வளவு கூர்மையாகப் போலியைச் சாடுகிறதோ, அவ்வளவு உயரமாக அந்தப் பீடம் வளர்கிறது. தமிழ் வாசகர்களிலும் ஒரு தலைமுறை, ஜே.ஜே.யைப்போல் பேசவும் ஜே.ஜே.யைப்போல் ஏளனம் செய்யவும் கற்றுக்கொண்டது. தன்னைப்போல் எவரும் ஆகிவிடக்கூடாது என்று சொன்னவனைப் பலர் நகலெடுத்தார்கள். மருந்தாகக் கொடுக்கப்பட்டது மருந்தாகவும் வேலை செய்தது. மற்றதாகவும் வேலை செய்தது.

பாலுவைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. இறந்தவரைப் பற்றி எழுதும் எவருக்கும் இது நேர்வதே. அங்கே பேச்சும் எழுத்தும் உயிரோடிருப்பவரின் கையில் இருக்கின்றன. ‘அவர் அப்படிச் சொன்னார்’ என்று நாம் எழுதும்போது, அப்படி இல்லை என்று மறுக்க அவர் வரமாட்டார். அவருக்காகச் சமைத்தவர்கள், அவர் நோயுற்றபோது இரவெல்லாம் விழித்திருந்தவர்கள், அவரால் புண்பட்டவர்கள் ஆகியோரின் குறிப்புகள் நம் கைக்கு எட்டுவதும் அரிது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதியதே வரலாறாகிறது. கட்டுடைப்பு நம்மைப் பார்த்துக் கேட்பது இதுதான்: இந்தப் படத்தை நேராக நிறுத்துவதற்காக நீ எதைச் சட்டத்துக்கு வெளியே வெட்டிப்போட்டாய்?

விளாத்திகுளம் என்றதும் இசையறிந்தவர்கள் நினைப்பது நல்லப்ப சுவாமிகள் என்னும் விளாத்திகுளம் சுவாமிகளை. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அவருடைய இசையில் தோய்ந்தவர்கள். அவர் ஒரே இராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடினார் என்று கேட்டவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் கேட்டவர்களின் சொல் வேறு. காற்றில் கரைந்த அந்த இசை வேறு. சொல்லச் சொல்ல இராகத்தின் நேரம் நீள்கிறது, வியப்பு வளர்கிறது, மனிதர் மெல்ல மறைந்து அதிசயம் ஒன்று நிற்கிறது. அன்பினால்தான் இது நிகழ்கிறது. அதனால்தான் இதைக் கவனிப்பதும் கடினமாகிறது.

நமது பங்குகளில் வெளியிடப்படும் விழா மலர்களைப் புரட்டிப் பார்த்தால் இதே அன்பின் வேலையைக் காணலாம். மறைந்த அருட்பணியாளர்கள், அருட்சகோதரிகள், வேதியர்கள் எல்லாரும் அங்கே ஒரே முகம் கொண்டவர்களாய்ப் புன்னகை செய்கிறார்கள். எளிமை, தாழ்மை, கடின உழைப்பு என்ற மூன்று சொற்களுக்குள் ஒவ்வொருவரும் அடக்கம் செய்யப்படுகிறார்கள். அவர்களுடைய கோபம் எங்கே? நிறைவேறாத ஆசை எங்கே? இறைவன் தம்மைக் கைவிட்டாரோ என்று அவர்கள் விழித்திருந்த இரவுகள் எங்கே? அவற்றை நீக்கிவிட்டால் அவர்களை இரண்டாம் முறை புதைத்தவர்கள் ஆகிறோம். ஜே.ஜே.யை இப்படி வாசிப்பது நமக்கு ஆன்ம சோதனையாக அமைவது இங்கேதான்.

வெறுங்கல்லறை முன்

இங்கே ஓர் அச்சம் எழுவது இயல்பு. மூலம் இல்லை, மையம் இல்லை, சுவடுகளே உள்ளன என்று சொல்லிக்கொண்டே போனால் விசுவாசம் என்னவாகும்? இறைவனும் சொற்களின் விளையாட்டு ஆகிவிடமாட்டாரா? இந்த அச்சத்தை ஏளனம் செய்யாமல் எதிர்கொள்ள வேண்டும்.

முதலில் நம் சொந்த ஏடுகளையே பார்ப்போம். நம் ஆண்டவர் தம் கையால் எழுதிய ஏடு ஒன்றும் நம்மிடம் இல்லை. அவர் எழுதியதாக நற்செய்தி கூறுவது ஒரே ஓரிடத்தில்தான்: விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய நின்றவர்கள் முன்னே, குனிந்து, தரையில் விரலால் எழுதினார். என்ன எழுதினார் என்று நற்செய்தி சொல்லவில்லை. புழுதியில் எழுதப்பட்டது புழுதியோடு போயிற்று. நமக்குக் கிடைத்திருப்பது அந்த எழுத்து அன்று. அதன் முன் கற்களைக் கீழே போட்டுவிட்டு ஒவ்வொருவராய் விலகிச் சென்றவர்களின் காட்சி. எழுத்து மறைந்தது, அதன் விளைவு நின்றது.

ஒருவரின் வாழ்வை ஒரே குரலில் அடக்க முடியாது என்பதையும் திருச்சபை தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. நான்கு நற்செய்திகளையும் ஒன்றாக இணைத்துத் தாசியன் என்பவர் இரண்டாம் நூற்றாண்டில் ஒரே நூலாக்கினார். சிரியாவின் திருச்சபை சில காலம் அதை வாசித்தது. ஆயினும் இறுதியில், ஒன்றோடொன்று முழுதும் பொருந்தாத நான்கையும் நான்காகவே வைத்துக்கொள்ளத் திருச்சபை துணிந்தது. அந்தத் துணிவு நாம் எண்ணுவதைவிடப் பெரியது.

உயிர்த்தெழுதல் காலையை எண்ணிப் பார்ப்போம். மகதலா மரியா தேடிச் சென்றது ஓர் உடலை. அவர் கண்டது வெற்றிடத்தை, அதாவது ஒரு சுவட்டை. அவர் அழுதது, தேடியது அங்கே இல்லை என்பதற்காக. பிறகு ஆண்டவரே முன் நின்றபோதும் தோட்டக்காரர் என்று எண்ணினார்; பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பின்னரே அறிந்துகொண்டார். அறிந்த மறுகணமே, பற்றிக்கொள்ளாதே என்ற தடை வருகிறது. கண்டவர் கையில் எதுவும் தங்கவில்லை. சென்று பிறருக்குச் சொல் என்ற பணி மட்டுமே தரப்பட்டது. நமது விசுவாசத்தின் மையக் காட்சியே, பிடித்து வைக்க முடியாதவரைப் பற்றிய காட்சி.

நம் புனிதர்களும் இதை வேறு சொற்களில் சொல்லியிருக்கிறார்கள். கர்மேல் மலையேற்றத்துக்குப் புனித சிலுவை அருளப்பர் வரைந்த படத்தில், உச்சிக்குச் செல்லும் வழி நெடுக ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லையே எழுதிவைத்தார். புனித தோமா அக்குவினார் 1273 டிசம்பரில், திருப்பலி நிறைவேற்றிய ஒரு நாளுக்குப் பிறகு, தம் மாபெரும் நூலை முடிக்காமலேயே எழுதுகோலை வைத்துவிட்டார்; கண்டதோடு ஒப்பிட்டால் எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தோன்றுவதாக உரைத்தார். இவர்கள் நம்பிக்கை இழந்தவர்கள் அல்லர். சொல்லையும் சொல்லப்பட்டவரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள மறுத்தவர்கள்.

ஓர் ஒற்றுமை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தேடலின் பெருநூலாகிய ‘அறிக்கைகள்’ எழுதிய புனித அகுஸ்தினார் பிறந்த தகஸ்தே இன்றைய அல்ஜீரியாவில் உள்ளது. ஜே.ஜே. நாவலின் முதல் வாக்கியத்தில் இறந்து கிடக்கும் காம்யு, அகுஸ்தினார் ஆயராக இருந்த இப்போ நகரத்துக்கு அண்மையில், அதே அல்ஜீரியாவில் 1913-இல் பிறந்தவர். விபத்தின்போது அவருடன் இருந்த கைப்பிரதி ‘முதல் மனிதன்’. போரில் மாண்ட, தான் அறியாத தந்தையைத் தேடும் மகனின் கதை. அது முற்றுப்பெறாமலே 1994-இல் அச்சேறியது. அல்ஜீரியாவின் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்த தெரிதாவும், தம் தாய் இறக்கும் தறுவாயில், அகுஸ்தினாரின் நூலைத் துணையாகக் கொண்டு தம் அறிக்கையை எழுதினார். அது 1991-இல் வெளிவந்தது. ஒருவர் ஆயர், மற்ற இருவரும் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வெளியே நின்றவர்கள். மூவரும் இல்லாத ஒருவரை நோக்கிப் பேசினார்கள்.

மூவரும் கண்ட விடை ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. அகுஸ்தினார் தேடியவர், தேடுவதற்கு முன்பே அவரைத் தேடி வந்தவர். வெளியெங்கும் அலைந்து, இறுதியில் தம் உள்ளத்திலும் ஆழமாக அவரைக் கண்டார். கட்டுடைப்பு இந்த இடத்துக்கு வருவதில்லை. வரவேண்டும் என்று அதைக் கட்டாயப்படுத்துவதும் முறையன்று. தம் சிந்தனையை மறைஞானியரின் இறையியலோடு ஒன்றெனக் கொள்ளலாகாது என்று தெரிதாவே எச்சரித்திருக்கிறார். சுவடு சுவடாகவே நிற்கும் என்பது அவர் நிலை. அச்சுவட்டைப் பதித்தவர் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பார் என்பது நமது நம்பிக்கை. வேறுபாடு உண்மையானது; ஆழமானது. ஆனால் சுவட்டையே ஆண்டவராக்கிக் கும்பிடாதே என்ற எச்சரிக்கை வரைக்கும் இருவழியும் ஒன்றாகவே செல்கின்றன. அந்தத் தூரமும் சிறிதன்று.

அவிழ்க்க முடியாதது

கட்டுடைப்புக்கும் ஒரு நோய் உண்டு. எதை எடுத்தாலும், இதில் முரண் இருக்கிறது, இதற்கு மையம் இல்லை என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகும் பழக்கம் அது. அப்போது அதுவே தேய்ந்த சொல்லாகிறது, ஜே.ஜே. வெறுத்த போலித்தனத்தின் புதிய வடிவமாகிறது. 1990-களில் நம் சிற்றிதழ்களில் நடந்த வாதங்களிலும் சில நேரங்களில் இந்த ஒலி கேட்டது. படிக்காமலே கட்டுடைத்தவர்களும், கட்டுடைப்பைப் படிக்காமலே அதைச் சபித்தவர்களும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர்.

தெரிதா தாம் அங்கே நிற்கவில்லை. 1989-இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையொன்றில், சட்டத்தைக் கட்டுடைக்கலாம், ஆனால் நீதி என ஒன்று இருக்குமாயின் அது கட்டுடைபடாது என்ற கருத்தை முன்வைத்தார். சட்டம் மனிதர் கட்டியது; நீதியோ, கட்டியதை மீண்டும் மீண்டும் அவிழ்க்கச் சொல்லி நம்மை உறுத்துவது. பாலுவின் தேடலையும் இப்படி வாசிக்கலாம். ஜே.ஜே.யைப் பற்றிய ஒவ்வொரு குறிப்பையும் கட்டுடைக்கலாம். ஆனால் ஜே.ஜே.க்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்று பாலுவை உறங்கவிடாமல் செய்கிறதே, அந்தக் கடனைக் கட்டுடைக்க இயலாது. அக்கடன் தீராததால்தான் அவன் எழுதிக்கொண்டே இருக்கிறான். எழுதியது போதாது என்று உணர்வதால்தான் அவன் எழுத்து உயிரோடிருக்கிறது.

நூலின் தலைப்பில் எல்லாரும் ‘ஜே.ஜே.’ என்ற பெயரைப் பார்க்கிறார்கள். கோட்பாடு படித்தவர்கள் ‘குறிப்புகள்’ என்ற சொல்லைப் பார்ப்பார்கள். நமது கண் தங்குவது இரண்டுக்கும் நடுவே, யாரும் கவனிக்காமல் நிற்கும் ‘சில’ என்ற சொல்லில். வரலாறு என்றோ வாழ்க்கை என்றோ ஆசிரியர் பெயரிடவில்லை. சொன்னவை சில, சொல்லாதவை பல என்பதை அது ஒப்புக்கொள்கிறது. பாலு எழுப்பிய சிலை எத்துணை உயரமாக வளர்ந்தாலும், அதன் அடியில் இந்தச் சிறு சொல் ஈரமண்ணாய் இருந்து, அதை முற்றிலும் இறுகவிடாமல் காக்கிறது.

1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் பெருமுத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அக்காலத்தில் கரையில் குவித்த சிப்பிகளை வாய் திறவாமலே, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து உண்டா என்று அறியாமலே விலை கேட்க வேண்டும். பணம் கொடுத்த பின்னர்தான் திறந்து பார்க்கலாம். நல்முத்தைத் தேடிய வணிகரைப் பற்றிய உவமையை வாசிக்கும் நம் கடற்கரை மக்களுக்கு அந்த வணிகரின் துணிவு மற்றவர்களைவிட நன்றாகவே விளங்கும். ஒரு மனிதரை நேசிப்பதும், அவர் மறைந்தபின் அவரைப் பற்றி நேர்மையாகப் பேசுவதும், காணாதவரை நம்புவதும் இத்தகைய ஏலமே. முழுவதும் திறந்து பார்த்த பிறகு விலை கொடுப்பவர் எவரும் இல்லை.

யோவான் நற்செய்தியின் கடைசி வரி இங்கே நம் உதவிக்கு வருகிறது. இயேசு செய்தவற்றை எல்லாம் ஒவ்வொன்றாக எழுதினால், எழுதப்படும் நூல்களை உலகமே கொள்ளாது என்று சொல்லி, அந்நற்செய்தியாளர் எழுதுகோலை வைத்துவிடுகிறார். அவர் எழுதியவை உண்மை. ஆனால் முழுமை அல்ல. அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. அடுத்த முறை, மறைந்துபோன யாரையேனும் பற்றி எழுதவோ, மேடையில் பேசவோ, திண்ணையில் நினைவுகூரவோ வாய்ப்பு வரும்போது, நாமும் தலைப்பில் அந்தச் சிறு சொல்லைச் சேர்த்துக்கொள்வோம். சொல்லாமல் விட்டவற்றுக்கும் அது இடம் வைத்திருக்கும்.